85 ஃபுட்பால் வீரர்களும் ஒரு சென்னைப் பெண்ணும்

அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான மைதானம் ஒன்று இருக்கிறது. அதில் 1,07,601 இருக்கைகள். நம் சேப்பாக்கத்தில் உட்காரக்கூடியவர்கள் சுமார் 38,000 பேர். இரண்டு சேப்பாக்கம் கூட்டத்தை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அங்கே ஆடுபவர்கள் தேசிய அணியினர் அல்லர். பகலில் வகுப்புக்குப் போகும் மாணவர்கள். ஆட்டம், அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்லும் அந்த நீள்வட்டப் பந்து விளையாட்டு. நாம் ஆடும் கால்பந்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு முழுவதற்கும் அச்சாணி இந்த ஆட்டம்தான். 1905-ஆம் ஆண்டுப் பருவத்தில் மாணவர்கள் பலர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார்கள். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு வரவழைத்து ஆட்டத்தைச் சீர்திருத்தச் சொன்னார். மறு ஆண்டே கல்லூரிகள் கூடி ஒரு சங்கம் அமைத்தன. 1910 முதல் அதன் பெயர் என்சிஏஏ. இன்று சுமார் 1,100 கல்லூரிகள் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட்டே விளையாட்டு அணிகளை நடத்துகின்றன.

மயிலாப்பூரிலோ அடையாறிலோ வளரும் ஒரு பையனுக்கு அந்த ஃபுட்பால் ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? ஏறக்குறைய கிடைக்காது என்பதுதான் நேர்மையான பதில். அங்குள்ள பிள்ளைகள் சிறு வயதிலிருந்தே அந்த ஆட்டத்தில் ஊறியவர்கள். பயிற்சியாளர்கள் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களை நேரில் பார்த்து ஆளைப் பொறுக்குகிறார்கள். வெளிநாட்டவர் நன்றாகக் கால் ஊன்றிய இடம் ஒன்று உண்டு. பந்தைக் கையிலிருந்து விட்டு உயரமாக, தொலைவாக உதைத்தனுப்பும் 'பன்ட்டர்' இடம் அது. தங்கள் நாட்டு ஃபுட்பாலில் அதே உதையைப் பழகிய ஆஸ்திரேலியர்கள் மெல்போர்னின் ப்ரோகிக் பயிற்சிக்கூடம் வழியாக வரிசையாகப் போனார்கள். சிறந்த கல்லூரி பன்ட்டருக்கான ரே கை விருதை யூட்டா பல்கலைக்கழகத்தின் டாம் ஹாக்கெட் 2014-லும் 2015-லும், டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டிக்சன் 2017-லும் வாங்கினார்கள். இருவரும் ஆஸ்திரேலியர்கள். அப்படி ஒரு பாதை நமக்கு இல்லை.

ஆனால் ஃபுட்பாலைத் தொடாத சென்னைப் பிள்ளைக்கும் அந்த ஃபுட்பால் வேறு கதவுகளைத் திறந்துவிட்டிருக்கிறது. இதை நம் பெற்றோர் பலர் அறிந்திருப்பதில்லை.

1972-இல் அமெரிக்கா 'டைட்டில் நைன்' என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் ஆண் பெண் பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு உதவித்தொகைக்கும் அது பொருந்தும். முதல் வரிசை ஃபுட்பால் அணி ஒன்றுக்கு 85 முழு ஸ்காலர்ஷிப் வரை தரலாம் என்று விதி இருந்தது. அந்த 85-ம் ஆண்களுக்கே போகும். பெண்களுக்கு அதை எங்கே ஈடுகட்டுவது? மற்ற விளையாட்டுகளில்தான். அதனால்தான் டென்னிஸில் ஆண்கள் அணிக்கு 4.5 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 8. தடகளத்தில் ஆண்களுக்கு 12.6, பெண்களுக்கு 18. வாலிபாலில் ஆண்களுக்கு 4.5, பெண்களுக்கு 12. பெண்கள் படகோட்டத்துக்கு 20. பல பத்தாண்டுகள் நிலைத்த கணக்கு இது. ஒரே தெருவில் ஒரே திறமையோடு ஒரு பையனும் ஒரு பெண்ணும் வளர்ந்தால், அமெரிக்கக் கல்லூரி வாய்ப்பு பெண்ணுக்கே கூடுதல். பெண் பிள்ளையின் ஆட்டத்தை முதலில் நிறுத்தும் வீடுகள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அப்படி அமெரிக்கக் கல்லூரிக்குப் போனவர்களில் ஒருவர் சென்னையைச் சேர்ந்த குண்டு எறிதல் வீராங்கனை கிருஷ்ணா ஜெயசங்கர் மேனன். அப்பா ஜெயசங்கர் மேனன், அம்மா பிரசன்ன குமாரி இருவரும் இந்தியாவுக்குக் கூடைப்பந்து ஆடியவர்கள். கிருஷ்ணா எல் பாசோவிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய், பின்பு லாஸ் வேகாஸிலுள்ள நெவாடா பல்கலைக்கழக அணிக்கு மாறினார். பெண்கள் எறியும் இரும்புக் குண்டு 4 கிலோ. 2.135 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள் இருந்தபடியே உடல் வேகம் முழுவதையும் திரட்டி அதைத் தள்ள வேண்டும். வட்டத்துக்கு வெளியே கால் பட்டால் எறிதல் செல்லாது. 2025-இல் கல்லூரிகளின் மவுன்டன் வெஸ்ட் உள்ளரங்கப் போட்டியில் கிருஷ்ணா எறிந்த தூரம் 16.03 மீட்டர். உள்ளரங்கில் 16 மீட்டரைத் தாண்டிய முதல் இந்தியப் பெண் அவர்தான்.

கிருஷ்ணாவின் பெற்றோர் ஆடிய கூடைப்பந்தும் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பிறந்ததே. 1891-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஒய்எம்சிஏ பயிற்சிக் கல்லூரியில் அது தொடங்கியது. அதே கல்லூரியில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தி. நகரை ஒட்டிய நந்தனத்தில் இன்றும் அது இருக்கிறது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோடு போனவரும் அவரே. கல்லூரிக்கும் விளையாட்டுக்கும் முடிச்சுப் போடும் அமெரிக்க வழக்கம் நம் ஊருக்கு வந்து நூறு வருடம் கடந்துவிட்டது.

இனி ஸ்காலர்ஷிப் எப்படிக் கைக்கு வருகிறது என்று பார்ப்போம். நம் ஊரில் உதவித்தொகை என்றால் விண்ணப்பம், மதிப்பெண், தரவரிசை, பட்டியல். அங்கே ஒரு பயிற்சியாளர் தன் அணியில் காலியாகும் இடத்துக்கு ஆள் தேடுகிறார், அவ்வளவுதான். டென்னிஸை எடுத்துக்கொள்வோம். கல்லூரி அணிகள் மோதும்போது முதலில் மூன்று இரட்டையர் ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். அவற்றில் இரண்டை வெல்லும் அணிக்கு ஒரே ஒரு புள்ளி. அடுத்து ஆறு ஒற்றையர் ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கு புள்ளியை முதலில் எட்டும் அணிக்கு வெற்றி. ஆறாவது கோர்ட்டில் ஆடுபவரின் புள்ளிக்கும் முதல் கோர்ட்டில் ஆடுபவரின் புள்ளிக்கும் மதிப்பு ஒன்றே. ஆகவே, பயிற்சியாளருக்கு ஒரு நட்சத்திரம் மட்டும் போதாது. அடுத்த வருடம் பட்டம் வாங்கிப் போகும் நான்காம், ஐந்தாம் இட வீரருக்கு மாற்று வேண்டும். அங்கேதான் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம் கிடைக்கிறது. என்சிஏஏவின் உயர்மட்டப் பிரிவான முதல் டிவிஷன் ஆண்கள் டென்னிஸில் பாதிக்கு மேல் வெளிநாட்டினர். ஆண்களுக்கான அந்த 4.5 ஸ்காலர்ஷிப்பைப் பல பேருக்குப் பிரித்துத் தருவார்கள். ஒருவருக்கு 60 சதவீதம், இன்னொருவருக்கு 30 சதவீதம் என்றுகூட வரும். 'ஸ்காலர்ஷிப் கிடைத்தது' என்று யாராவது சொன்னால் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

இந்த வழியில் போய்ப் பெரிய பெயர் எடுத்தவர் சோம்தேவ் தேவ்வர்மன். சென்னையில் உருவாகி வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2007-இல் என்சிஏஏ ஒற்றையர் இறுதியில் ஜான் இஸ்னரை வென்றார். 2008-இல் மீண்டும் சாம்பியன்; அந்தப் பருவத்தில் 44 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. 2009 ஜனவரியில் நுங்கம்பாக்கம் மைதானத்தில் நடந்த சென்னை ஓபனில் கார்லோஸ் மோயாவை வீழ்த்தி இறுதிவரை போனார். அவருக்கு முன்பே, சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு ஆடி 1995-இல் என்சிஏஏ இரட்டையர் பட்டம் வென்றிருந்தார். ஜீவன் நெடுஞ்செழியன் ஆடியது வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. ராமநாதன் கிருஷ்ணனும் ரமேஷ் கிருஷ்ணனும் இந்த வழியில் போகாமலே உலகை எட்டியவர்கள். அப்படிப்பட்ட திறமை எல்லோருக்கும் வாய்க்காது. அடுத்த வரிசையில் இருக்கும் பிள்ளைக்கு நான்கு வருடப் போட்டி, பயிற்சி, கூடவே ஒரு பட்டம் என்பது நல்ல வழி.

மேலே சொன்ன எண்ணிக்கைகள் 2025-இல் ஆட்டம் கண்டன. கல்லூரி வீரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்ததும், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு நீங்கியது. பதிலாக அணியில் எத்தனை பேர் என்பதற்கு வரம்பு வந்தது. ஃபுட்பாலுக்கு 105 பேர், டென்னிஸுக்கு 10 பேர். அந்த 10 பேருக்கும் முழு உதவி தரலாம். ஒருவருக்கும் தராமலும் இருக்கலாம். கூடவே, முதல் ஆண்டில் ஒரு கல்லூரி 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு தரவும் அனுமதி கிடைத்தது. அந்தப் பணத்தில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. இந்தச் செலவைக் காரணம் காட்டி கலிஃபோர்னியாவின் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே மூடியது. கதவைத் திறந்த ஃபுட்பாலே சில கதவுகளைச் சாத்தவும் செய்கிறது. எந்தக் கல்லூரியை நாடினாலும் அந்த அணி இன்னும் நான்கு வருடம் இருக்குமா என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் தராத கல்லூரிகளும் உண்டு. மூன்றாம் டிவிஷன் தராது. ஹார்வர்ட், கொலம்பியா உள்ளிட்ட ஐவி லீகும் தராது. குடும்ப வருமானத்தைப் பார்த்து உதவி செய்யும். சென்னையில் ஸ்குவாஷ் பயின்ற வேலவன் செந்தில்குமார் கொலம்பியாவுக்கு ஆடியவர். கிரிக்கெட்டுக்கு என்சிஏஏவில் இடமே இல்லை. சதுரங்கமும் அதன் ஆளுகைக்குள் வராது. ஆனால் டெக்சஸ் ரியோ கிராண்ட் வேலி, செயின்ட் லூயிஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் சொந்த முயற்சியில் செஸ் ஸ்காலர்ஷிப் தருகின்றன. மயிலாப்பூர்ப் பெற்றோர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி.

நம் பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் மைதானம் அல்ல, பத்தாம் வகுப்பு. 'பப்ளிக் எக்ஸாம் முடியட்டும், அப்புறம் விளையாடலாம்' என்று ராக்கெட்டைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறோம். தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் தினமும் ஆடிய பிள்ளை டியூஷனுக்குப் போய்விடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது கையில் மதிப்பெண் இருக்கும், கால் மறந்திருக்கும். அமெரிக்கப் பயிற்சியாளர் ஆளைத் தேடுவதோ சரியாக இந்த மூன்று வருடத்தில்தான். இதன் மறுபக்கமும் ஆபத்தானது. விளையாட்டுக்காகப் படிப்பைக் கைவிட்டால் என்சிஏஏ உள்ளேயே விடாது. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் போன்றவற்றில் 16 பாடங்களை அது கணக்கில் எடுக்கிறது. முதல் டிவிஷனுக்கு அவற்றின் சராசரி, நான்குக்கு 2.3 இருக்க வேண்டும். இரண்டாம் டிவிஷனுக்கு 2.2. நம் வீடுகளில் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் பொருட்படுத்துவதில்லை. அங்கே அதையும் கேட்பார்கள். பள்ளி முத்திரையோடு அதை இப்போதே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். டென்னிஸுக்கு இன்னொரு கெடுபிடி உண்டு. பள்ளி முடிந்து ஆறு மாதத்துக்குமேல் போட்டிகளில் ஆடிக்கொண்டே காலம் தள்ளினால், கல்லூரியில் ஆடும் உரிமையில் பிடித்தம் விழும். 'ஒரு வருடம் ஐடிஎஃப் சர்வதேசப் போட்டிகளில் ஆடிப் பார்த்துவிட்டுப் போகலாம்' என்ற நம் ஊர் யோசனை இங்கே மாட்டிக்கொள்கிறது.

பயிற்சியாளருக்கு எழுதுவது பிள்ளையின் வேலை. அப்பா எழுதும் கடிதத்தைவிட அதற்கு மதிப்பு அதிகம். பிறந்த வருடம், பள்ளி முடியும் வருடம், மதிப்பெண், ஆட்டத்திறனைக் காட்டும் அளவு என நான்கும் முதல் பத்தியிலேயே இருக்க வேண்டும். தடகளம், நீச்சல் என்றால் அளவு கையில் இருக்கிறது, 16.03 மீட்டருக்கு எந்த ஊரிலும் ஒரே பொருள்தான். டென்னிஸுக்கு யுடிஆர் என்ற உலகப் பொதுத் தரமதிப்பீட்டைப் பார்க்கிறார்கள். மாவட்டக் கோப்பையும் மேடைப் புகைப்படமும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லாது. காணொளியில் பாட்டும் ஜிகினாவும் வேண்டாம். கோர்ட்டின் பின்புறம் சற்று உயரத்தில் கேமராவை நிறுத்தி, ஒரு மேட்சில் தொடர்ச்சியாக வந்த புள்ளிகளை, தோற்றவை உட்பட, அப்படியே அனுப்பினால் போதும். 'நிச்சயம் வாங்கித் தருகிறோம்' என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். ஸ்காலர்ஷிப்பைத் தரும் அதிகாரம் கல்லூரிக்கு மட்டுமே உண்டு.

போன பிறகும் இரண்டு நாட்டு நாட்காட்டிகள் மோதும். தேஜஸ்வின் சங்கர் தில்லியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை. கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்த உயரம் தாண்டுதல் வீரர். 2018-இலேயே என்சிஏஏ பட்டம் வென்றவர். 2022 ஜூனில் ஓரிகனில் 2.27 மீட்டர் தாண்டி மீண்டும் பட்டம் வென்றார். அதே நாட்களில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் தேசிய மாநிலங்களுக்கிடையேயான போட்டி நடந்தது. அதில் கலந்துகொள்ளவில்லை என்று காமன்வெல்த் அணியில் அவரைச் சேர்க்கவில்லை. அவர் தில்லி உயர் நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. கடைசி நேரத்தில் பர்மிங்காம் போய் 2.22 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். காமன்வெல்த் உயரம் தாண்டுதலில் இந்தியாவின் முதல் பதக்கம்.

முழு ஸ்காலர்ஷிப் என்றாலும் விமானக் கட்டணமும் விசாச் செலவும் பொதுவாகக் குடும்பத்தின் தலையில்தான். தங்குமிடம், சாப்பாட்டுக்கு வரும் உதவியில் வெளிநாட்டு மாணவருக்கு 14 சதவீதம் வரி பிடிப்பார்கள். பகுதி ஸ்காலர்ஷிப் என்றால் மீதித் தொகைக்கான பணம் இருப்பதைக் காட்டினால்தான் கல்லூரி ஐ-20 படிவம் தரும். அது இல்லாமல் எஃப்-1 விசா இல்லை. இவற்றையெல்லாம் காசு கொடுத்துக் கேட்க வேண்டியதில்லை. அண்ணா சாலை ஜெமினி சந்திப்பில், அமெரிக்கத் துணைத் தூதரக வளாகத்தில் எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே அவர்களைத் தொடர்புகொண்டு ஒருமுறை பேசிவிடுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை.