திருச்சி சுருட்டு: சாம்பலே சாட்சி சொல்லும்!

லண்டனில் ஒரு காலி வீடு. உள்ளே ஒரு பிணம். தரையில் கிடந்த சாம்பலைக் கொஞ்சம் எடுத்துப் பார்க்கிறார் துப்பறியும் நிபுணர் ஷெர்லக் ஹோம்ஸ். கொலைகாரன் பிடித்தது திருச்சி சுருட்டு என்று சொல்லிவிடுகிறார்!

கானன் டாயில் எழுதி 1887-ல் வெளியான கதையில் வரும் காட்சி இது. திண்டுக்கல் புகையிலையை உறையூர்க் கைகள் சுருட்டிய சரக்கு அத்தனை தூரம் பேர் வாங்கியிருந்தது. 1896-ல் ராணுவ அதிகாரியாக பெங்களூர் வந்த சர்ச்சிலும் அதற்கு ரசிகர்தான் என்று உறையூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். (அவர் அதற்கு முந்தின வருடமே கியூபாவுக்குப் போய் வந்தவர் என்பது வேறு விஷயம்!)

"ஊருக்குப் போகிறீரே, நல்ல சுருட்டாக ஒரு பெட்டி வாங்கி வாருமே" என்று மேலதிகாரி சொன்னால் என்ன செய்வீர்கள்? மட்டமான சரக்கைக் கொண்டுவந்தால் கெடுவது ஊர்ப் பேர் அல்லவா?

பெட்டியின் படத்தையும் தங்க நிற வளையத்தையும் பார்த்து ஏமாற வேண்டாம். சுருட்டைக் கையில் எடுங்கள். மேல் இலை கிழிசல் இல்லாமல், தடித்த நரம்பு தெரியாமல், லேசான எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டும். பிறகு நுனி முதல் அடி வரை மெதுவாக அமுக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் கல் போல இருந்தால் புகை வராது. ஓரிடத்தில் பொக்கென்று அமுங்கினால் அங்கே சூடேறிக் கசக்கும். காதருகே வைத்து உருட்டும்போது சரசரத்தால் காய்ந்துபோன சரக்கு.

ஹவானா சுருட்டின் ஒரு முனை மூடியிருக்கும். அதை நறுக்கித்தான் பிடிக்க வேண்டும். திருச்சி சுருட்டுக்கு இரண்டு முனையும் திறப்பு. பற்ற வைக்கும் முன்பே உறிஞ்சிப் பார்த்துவிடலாம். காற்று தாராளமாக வர வேண்டும்.

தீக்குச்சியின் மருந்து எரிந்து தீர்ந்த பிறகே சுருட்டைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் இழுப்பில் கந்தகம்தான் மணக்கும். சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. வாயில் நிறுத்தி விட்டுவிடுவார்கள். அதனால் கெடுதல் இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. வாய்ப் புற்றுநோய்க்கு அந்தப் புகையே போதும்.

நிமிடத்துக்கு ஓர் இழுப்பு போதும். அவசரப்பட்டால் எந்த உயர்ந்த சுருட்டும் காறும். தொடக்கத்தில் மிதமாக இருக்கும் காட்டம் போகப் போக ஏறும். அப்படி ஏறும்போதும் இலையின் மணம் அடிபடாமல் இருந்தால், அது நல்ல சரக்கு. தொண்டையைக் கமறச் செய்யும் காரம் மட்டும் மிஞ்சினால், பதம் போதாத இலை.

கடைசியாகச் சாம்பல். முழு இலை வைத்துச் சுருட்டியதாக இருந்தால் சாம்பல் ஓர் அங்குலம் வரைகூட உதிராமல் நிற்கும். தூள் அடைத்ததாக இருந்தால் சட்டையெல்லாம் சாம்பல்தான்! நெருப்பு ஒரு பக்கமாகவே ஓடினால், சுருட்டிய கைக்கு அனுபவம் போதவில்லை, அல்லது ஈரம் சமமாக இல்லை என்று அர்த்தம். அந்தப் பெட்டியை மேலதிகாரியிடம் கொடுக்காதீர்கள்!