சுவருக்குள் செல்லும் மின்கம்பி

சுவரின் பூச்சுக்குள்ளே 230 வோல்ட் மின்சாரம் செல்கிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கம்பியை எவ்வாறு காப்பது?

மின்கம்பியை வெறுமனே பூச்சுக்குள் புதைப்பது முறையன்று. பூச்சுவேலைக்கு முன்னரே மின்பணியாளர் செங்கற்சுவரில் நீண்ட பள்ளமாகக் காடி வெட்டுகிறார், அதில் பி.வி.சி. குழாயைப் பதிக்கிறார். பூச்சு காய்ந்தபின் குழாயினுள் கம்பிகளை இழுக்கிறார். இதனால் சிமெண்டுக் கலவை கம்பியின் உறையைத் தீண்டுவதில்லை. கம்பி பழுதுற்றாலும் சுவரை உடைக்காமல் பழையதை உருவிப் புதியதைச் செலுத்தலாம்.

எனினும், பி.வி.சி. குழாய் ஆணியின் கூர்முனையைத் தாங்காது. ஆகவே, குழாய்களைச் சாய்வாகப் பதிக்காமல், சுவிட்சுப் பலகையிலிருந்து நேர் மேலாகவோ கீழாகவோ பக்கவாட்டிலோ கொண்டு செல்வதே நல்ல முறை. அப்போது அவ்விடங்களில் ஆணி அடிக்கலாகாது என்பதை எவரும் எளிதில் உணரலாம்.

ஆணி கம்பியைத் தொட்டிருக்கும்போது அதை ஒருவர் தொட்டால், மின்சாரம் அவர் உடல்வழியே நிலத்தை அடையும். வீடுகளில் பொருத்தப்படும் மின்கசிவுத் தடுப்பான், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பை நொடிப்பொழுதில் துண்டித்துவிடும். ஆயினும் அது கடைசிக் காவலே.

பூசுவதற்கு முன் குழாய்களைப் படமெடுத்து வைப்பது நன்று. பணிமாற்றத்தால் ஊர்தோறும் வீடு மாறும் குடும்பத்தாரிடம் அத்தகைய படம் இராது. பழைய வீடுகளில் கம்பிகள் சாய்வாகவும் செல்லக்கூடும். எனவே, புதுவீட்டில் கடிகாரம் மாட்டும் முன், சுவிட்சுப் பலகை எங்குள்ளது என்று பார்க்க வேண்டும். ஐயம் இருப்பின் மின்பணியாளரைக் கேட்ட பின்னரே ஆணி அடிக்க வேண்டும்.