ஆய்விதழின் தரத்தை அறிவது எவ்வாறு?

சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் ஓர் ஏற்புக் கடிதத்தைக் காட்டினார். கட்டுரையை அனுப்பிய மூன்றாம் நாளே ஆய்விதழ் ஒன்று அதனை ஏற்றிருந்தது; செலுத்த வேண்டிய கட்டணத்தையும் குறித்திருந்தது. “ஐயா, இதழுக்கு ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே” என்றார். எட்டு இலக்கம் கொண்ட அவ்வெண், ஒரு தொடர் வெளியீட்டைப் பிறவற்றினின்று பிரித்தறிய உதவும் அடையாளமே, தரச்சான்று அன்று. சமையற்குறிப்பு இதழும் அதனைப் பெறலாம்.

மாணவர் பெரிதும் நம்பும் மற்றோர் எண் தாக்கக் காரணி. ஓர் இதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் 50 கட்டுரைகளை வெளியிட்டு, அவை இவ்வாண்டு 100 முறை மேற்கோள் காட்டப்பெற்றால், அதன் தாக்கக் காரணி 2. யூஜின் கார்ஃபீல்டு உருவாக்கிய இம்முறையிலான அறிக்கை 1975 முதல் வெளிவருகிறது. இது சராசரியே. ஓரிரு கட்டுரைகளே பெரும்பாலான மேற்கோள்களை ஈட்டியிருக்கலாம். ஆதலால் தனிக் கட்டுரையின் தகுதியை இவ்வெண் காட்டாது.

விரைந்து மாறும் மருத்துவத் துறைக்கு ஈராண்டு எல்லை ஓரளவு பொருந்தும். தமிழியலுக்கு அது பொருந்துமா? தனிநாயகம் அடிகளார் ‘தமிழ் கல்ச்சர்’ இதழை 1952இல் தொடங்கினார். அவ்வாண்டுக் கட்டுரையை ஒருவர் 1955இல் எடுத்தாண்டிருந்தாலும் இக்கணக்கில் அது சேராது. நம் துறையில் ஒரு கட்டுரையின் பயன் பல பத்தாண்டுகள் நீளும். எனவே, எண் குறைந்த இதழைத் தரம் குறைந்தது எனத் தள்ளுதல் முறையன்று.

அவ்வாறாயின் எதனை நோக்குவது? துறையறிஞர் மதிப்பீட்டை நோக்க வேண்டும். ஆனால், மதிப்பீடு செய்வதாக இதழே கூறிக்கொள்வது போதாது. ஜான் பொஹானன் என்னும் இதழாளர், வெளிப்படையான பிழைகள் கொண்ட பொய்க் கட்டுரையொன்றை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். அவற்றுள் 157 இதழ்கள் அதனை ஏற்றன. 2013இல் ‘சயின்ஸ்’ இதழ் இதனை வெளியிட்டது.

ஆகவே, கட்டுரை அனுப்புமுன் நான்கு வினாக்களை எழுப்புக. பதிப்புக் குழுவினர் அத்துறையில் உண்மையாகவே ஆய்வு செய்பவர்களா? மதிப்பீட்டு முறையும் கட்டணமும் முன்னரே தெளிவாக அறிவிக்கப்பட்டுள்ளனவா? இதழ் தன் பிழைகளைத் திருத்தி வெளியிடுகிறதா? அண்மைய இதழிலுள்ள மூன்று கட்டுரைகளை முழுதும் படித்தபின், அவை உங்களுக்குப் புதிதாக ஏதேனும் கற்பித்தனவா? இறுதி வினாவே முதன்மையானது. அதற்கு எந்தப் பட்டியலும் விடை தாராது.

அம்மாணவர் கட்டுரையை மீட்டு வேறோர் இதழுக்கு அனுப்பினார். ஏழு மாதங்களுக்குப்பின் இரு மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வந்தன. கல்வெட்டுச் சொல் ஒன்றை அவர் தவறாகப் பிரித்திருந்ததை அவர்களுள் ஒருவர் சுட்டியிருந்தார். மும்முறை படித்த நானும் அப்பிழையைக் கண்டிலேன். நல்ல ஆய்விதழ், நம் பெயரை அச்சிடுமுன் நம் பிழையை நமக்குக் காட்டுகிறது.