டேங்கை இறக்குவதற்கு முன்னால்

ஃப்ளஷ் டேங்கில் ராத்திரி முழுக்க தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறது என்றால், வருகிறவர் பார்த்த பார்வையில் "டேங்கையே இறக்கணும் சார்" என்பார். இறக்கத்தான் வேண்டுமா என்பதை அவருக்கு டீ போடுகிற நேரத்தில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மூடியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பத்திரம், உடைந்தால் அதே மாடலில் தனி மூடி கிடைப்பது குதிரைக்கொம்பு. உள்ளே முக்கியமான சாமான் இரண்டுதான்: தண்ணீரை உள்ளே விடுகிற மிதவை வால்வு, அதைக் கோப்பைக்குள் இறக்குகிற ஃப்ளஷ் வால்வு. ஃப்ளஷ் வால்வோடு ஒட்டி நிற்பது ஓவர்ஃப்ளோ குழாய். அதன் வாய் வழியாகத் தண்ணீர் வழிந்தால் கோளாறு மிதவையில். மட்டம் அதற்குக் கீழே இருந்தும் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தால், ஃப்ளஷ் வால்வின் அடி வாஷரைச் சந்தேகியுங்கள். சொட்டு நீலம் கொஞ்சம் டேங்கில் விட்டு, அரை மணி நேரம் யாரையும் ஃப்ளஷ் பண்ண விடாதீர்கள். கோப்பையில் நீலம் எட்டிப் பார்த்தால் வாஷர்தான்.

இந்த இரண்டுக்கும் பெரும்பாலும் டேங்கை அசைக்கவே வேண்டாம். ஆங்கிள் காக்கை மூடி, கனெக்‌ஷன் பைப்பைக் கழற்றி, வெளியே இருக்கிற நட்டைக் கழற்றினால் மிதவை வால்வு கையோடு வந்துவிடும். டூயல் ஃப்ளஷ் வால்வு பலவற்றில் கால் சுற்று திருப்பினாலே மேல்பாகம் தனியே கழலும். அடியில் உள்ள ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். போர் தண்ணீர் வீடுகளில் பல நேரம் ரப்பர் நன்றாகவே இருக்கும். உப்புப் படிந்து அதைச் சரியாக உட்காரவிடாமல் செய்திருக்கும். வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, மறுபடி மாட்டிப் பாருங்கள்.

பிரிட்டனில் கதை வேறு. அங்கே 2001 வரை புது டேங்க் என்றால் சைஃபன்தான் வைக்க வேண்டும் என்று விதி. தண்ணீரை மேலே தூக்கி, வளைத்து இறக்குவதால் அடியில் கசிவதற்கு வாஷரே கிடையாது. ஆனால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாள் கிழிந்துவிட்டால், பல மாடல்களில் டேங்கை இறக்கியே தீரவேண்டும்!

நம் ஊரில் இறக்க வேண்டி வருவது, கோப்பை மேலேயே உட்கார்ந்திருக்கிற பீங்கான் டேங்கில் ஃப்ளஷ் வால்வின் அடிப்பாகமே விரிசல் விட்டால், அல்லது டேங்கும் கோப்பையும் சேருமிடம் கசிந்தால். வால்வைப் பிடித்திருக்கிற பெரிய நட் அந்த இடுக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

முன்போலவே ஆங்கிள் காக்கை மூடி, பைப்பைக் கழற்றி, தண்ணீரைக் காலி பண்ணி, அடியில் தங்கியதைப் பழைய துணியால் ஒற்றி எடுங்கள். கோப்பைக்குக் கீழே இரண்டு போல்ட்டுகள் தெரியும். துருப்பிடித்திருந்தால் முரட்டுத்தனமாகத் திருக வேண்டாம். பீங்கான் விரிசல் விட்டால் செலவு எங்கேயோ போய்விடும். துரு எண்ணெய் அடித்து ஊறவிடுங்கள். அப்போதும் அசையாவிட்டால் ஹேக்சா பிளேடால் நட்டுக்கும் கோப்பைக்கும் நடுவே அறுத்துவிடலாம், புது போல்ட் மலிவுதான். பிறகு டேங்கை நேராக மேலே தூக்கி, மடித்த சாக்கின் மேல் வையுங்கள். கனமாக இருக்கும், கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது.

பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டே கடைக்குப் போங்கள். டேங்குக்கும் கோப்பைக்கும் நடுவே வரும் தடித்த ரப்பர் வாஷரையும் புதிதாகவே வாங்குங்கள். அமுங்கிப்போன பழையது மறுபடி பிடிக்காது. புது வால்வை மாட்டும்போது ரப்பர் வாஷர் டேங்குக்கு உள்ளே, நட் வெளியே. நட்டைக் கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று, அவ்வளவுதான். வாஷர் இருக்கிற இடத்தில் டெஃப்லான் டேப் சுற்றுவது வீண் வேலை.

டேங்கை ஏற்றியதும் போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஆங்கிள் காக்கைப் பாதி மட்டும் திறந்து டேங்கை நிரப்பி, போல்ட்டுக்குக் கீழே காய்ந்த செய்தித்தாளை விரித்துவிட்டு டீயை முடியுங்கள். தாள் நனைந்திருந்தால், அந்தப் பக்கத்து நட்டுக்கு இன்னும் கால் சுற்று.