தண்ணீர் சுமந்த பாரம்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பைன் மலைமேல் பெய்யும் மழை, பாறைப் பிளவுகள் வழியே சுமார் 3,800 அடி ஆழம் இறங்கி, பூமியின் சூட்டை வாங்கிக்கொண்டு அடிவாரத்தில் ஊற்றெடுக்கிறது. கோடையோ குளிரோ, ஏறக்குறைய 31 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு. ஊரின் பெயரே வார்ம் ஸ்பிரிங்ஸ்.

1924 அக்டோபரில் அங்கே வந்தார், பின்னாளில் அமெரிக்க அதிபரான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். மூன்று ஆண்டுகளுக்கு முன் போலியோ அவர் கால்களை முடக்கியிருந்தது. அதே நோய் கண்ட ஓர் இளைஞன் இந்த நீரில் நீந்தித் தேறினான் என்று கேள்விப்பட்டிருந்தார். தரையில் அவரைத் தாங்காத கால்கள், நீருக்குள் தாங்கின.

ஊற்றில் மருந்து எதுவும் இல்லை. போலியோ அழித்த நரம்பு செல்லை எந்த நீரும் மீட்டுத் தராது. ரூஸ்வெல்ட்டும் கடைசிவரை துணையின்றி நடக்கவில்லை. ஆனால் உடம்பின் எடையை நீர் சுமந்துகொள்வதால் மிச்சமிருக்கும் தசைக்கு வேலை கொடுக்க முடிகிறது. வெதுவெதுப்பாக இருப்பதால் நெடுநேரம் பயிற்சி செய்யலாம். இவ்வளவுதான் ரகசியம், இதுவே பெரிய விஷயம்.

இதைப் பற்றிய பத்திரிகைச் செய்தியைப் படித்துவிட்டு நோயாளிகள் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறி வந்தார்கள். அங்கிருந்த விடுதியில் தங்கியிருந்தவர்களோ, தொற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் அவர்களோடு ஒரே குளத்தில் இறங்க மறுத்தார்கள். 1926இல் ரூஸ்வெல்ட் தம் சொத்தில் பெரும்பகுதியைப் போட்டு அந்த இடத்தையே வாங்கினார். மறுவருடம் அது லாப நோக்கமற்ற அறக்கட்டளை ஆனது. குளத்துக்குள் மேசைகள் அமிழ்ந்திருக்கும். நோயாளியை அதில் படுக்கவைத்து, பயிற்சியாளர் ஒவ்வொரு தசையாக அசைக்கச் சொல்லிக்கொடுப்பார். ஊனத்தை வீட்டுக்குள் ஒளித்துவைத்த காலம் அது. இங்கே சக்கர நாற்காலியில் வந்தவரை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. இந்த ஊற்று தந்த மிகப்பெரிய சிகிச்சை அதுதான் என்பேன்.

இதன் தொடர்ச்சியாக 1938இல் எழுந்த தேசிய அமைப்பு, மக்களிடம் பத்து பத்து சென்டாகத் திரட்டிய பணம் ஜோனஸ் சால்க்கின் போலியோ தடுப்பூசி ஆய்வுக்குப் போனது. 1955இல் அந்த ஊசி வெற்றி என அறிவித்தார்கள்.

ஒரு குறையைச் சொல்லாமல் விட மனம் ஒப்பவில்லை. வார்ம் ஸ்பிரிங்ஸில் உழைத்தவர்களில் பலர் கறுப்பினத்தவர். ஆனால் போலியோ வந்த கறுப்பினக் குழந்தைக்கு நெடுங்காலம் அந்தக் குளத்தில் இடமில்லை. அவர்களுக்கென 1941இல் அலபாமாவின் டஸ்கீகியில் தனி மையம் திறந்தார்கள். செலவை ஏற்றது அதே தேசிய அமைப்புதான்.