பங்காளிச் சண்டையும் பாகப் பிரிவினையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

“தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு” என்பது நம் பெரியோர் சொன்ன பழமொழி. அண்ணன் தம்பிகள் ஒற்றுமையாய் வாழ்வதைவிடச் சிறந்தது ஏதுமில்லை. ஆயினும் நிலம் ஒன்று, சொந்தக்காரர் பலர் என்றால் என்றேனும் ஒருநாள் வரப்பிலே வழக்கு முளைக்கும் என்பது கண்கூடு. கணிதம் பயில்பவனுக்குச் சட்டம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இந்தக் கணக்கு எனக்கு வகுப்பிலே வரவில்லை, வீட்டிலே வந்தது.

சேலம் மாவட்டத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. என் தாத்தா கல் உடைத்துச் சேர்த்த பணத்தில் வாங்கிய நிலம் 2 ஏக்கர் 40 சென்ட். நடுவில் ஒரு கிணறு. 1998-இல் அவர் உயில் எழுதாமலே காலமானார். பட்டா அவர் பெயரிலேயே இருக்க, மேற்குப் பாதியைப் பெரியப்பாவும் கிழக்குப் பாதியை அப்பாவும் உழுது வந்தார்கள். சென்ற கோடையில் கிணற்றில் நீர் வற்றியது. முறைத் தண்ணீரில் தொடங்கிய பேச்சு முற்றி, பெரியப்பா மோட்டார் கொட்டகையைப் பூட்டிவிட்டார். எங்கள் மஞ்சள் பயிர் வாடியது. “கோர்ட்டுக்கே போய்விடலாம், நீ விசாரித்து வா” என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன்தான்.

தாலுகா நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் குழுவுக்குச் சென்றேன். அங்கிருந்த வழக்கறிஞர், “உன் தாத்தாவுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர்?” என்று கேட்டார். “இரண்டு பேர்” என்றேன். “பெண்கள்?” “இரண்டு அத்தைகள் இருக்கிறார்கள்.” “அப்படியானால் நான்கு பேர் என்று சொல்” என்றார். அன்று அவர் சொன்னதையும் பின்னர் நூலகத்தில் படித்ததையும் இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பங்கு எவ்வளவு?

பெண்ணுக்குச் சொத்துரிமை அண்மையில் வந்தது என்றே பலரும் நினைக்கிறோம். தகப்பன் தானே சம்பாதித்த சொத்தில், அவர் உயில் எழுதாது இறந்தால், மனைவி, மகன், மகள் அனைவருக்கும் சமபங்கு என்று 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமே கூறிவிட்டது. பரம்பரைப் பூர்வீகச் சொத்தில்தான் மகளுக்குப் பிறப்புரிமை பின்னர் வந்தது. தமிழ்நாட்டில் 25-3-1989 முதல், அதற்குமுன் மணமாகாத பெண்களுக்கு அவ்வுரிமை கிடைத்தது. 9-9-2005 முதல் மத்தியச் சட்டம் அதை மணமானவர்க்கும் விரித்தது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்சநீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியது.

எங்கள் கணக்கைப் பாருங்கள். தாத்தா இறந்தபோது பாட்டியையும் சேர்த்து ஐவர், ஆளுக்கு 1/5. பாட்டி 2009-இல் உயிலின்றி மறைந்தபின் அவருடைய 1/5 பங்கு நால்வருக்கும் 1/20 வீதம் சேர்ந்தது. 1/5 + 1/20 = 1/4. ஆக, அப்பாவின் பங்கு 1 ஏக்கர் 20 சென்ட் அன்று, 60 சென்ட்தான்!

தீர்வுக்கு வழிகள்

முதலாவது வழி, தமக்குள் பேசிப் பாகப் பிரிவினைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது. மூலப் பத்திரம், வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச உட்கார வேண்டும். கிணறு, வண்டிப்பாதை போன்ற கூறுபோட முடியாதவற்றைப் பொதுவில் வைத்து, யாருக்கு எந்நாள் முறை என்பதையும் பத்திரத்திலேயே எழுதிவிடலாம். பங்கு வேண்டாம் என்பவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். பதிவானபின் நிலத்தை அளந்து உட்பிரிவு செய்து தனிப்பட்டா பெறலாம். பட்டா வருவாய்த்துறை ஆவணமேயன்றி, அதுமட்டும் உரிமையை நிலைநாட்டிவிடாது.

இரண்டாவது, தன் பங்கை மட்டும் விற்பது. பிரிக்காத பங்கையும் விற்கச் சட்டம் இடந்தருகிறது. ஆனால் பூர்வீக வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் அக்குடும்பத்தோடு கூடி அவ்வீட்டில் குடியேற முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்கிட்டால், உரிய விலை தந்து அப்பங்கை வாங்கிக்கொள்ளக் குடும்பத்தாருக்கு 1893-ஆம் ஆண்டுப் பாகப் பிரிவினைச் சட்டம் வழி செய்கிறது.

மூன்றாவது, மக்கள் நீதிமன்றம். இரு தரப்பும் இசைந்தால்தான் இங்கே தீர்வு உண்டு. இசைந்து கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகர், மேல்முறையீடு இல்லை. நிலுவையிலுள்ள வழக்கு இங்கே முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு.

நான்காவது, உரிமையியல் நீதிமன்றத்தில் பாகப் பிரிவினை வழக்கு. பங்குதாரர் அனைவரையும் இதில் சேர்க்க வேண்டும். முதலில் யாருக்கு எத்தனை பங்கு என்று முதல்நிலைத் தீர்ப்பாணை வரும். பின் நீதிமன்றம் நியமிக்கும் ஆணையர் நிலத்தை அளந்து அறிக்கை தருவார். அதன்மேல்தான் இறுதித் தீர்ப்பாணை. இடையில் கொட்டகையைப் பூட்டுவது போன்ற செயல்களுக்குத் தடையுத்தரவு கேட்கலாம். கூறுபோட்டால் பயன்படாத சொத்தாயின், பாதிக்குக் குறையாத பங்குடையவர்கள் கேட்டால் அதை விற்றுப் பணத்தைப் பிரிக்க நீதிமன்றம் ஆணையிடலாம். இவ்வழி உறுதியானது, ஆனால் நெடியது. முதல்நிலைத் தீர்ப்போடு பல வழக்குகள் தேங்குவதைக் கண்ட உச்சநீதிமன்றம், தனி மனுவுக்குக் காத்திராமல் இறுதிக் கட்டத்துக்குச் செல்லுமாறு விசாரணை நீதிமன்றங்களுக்கு 2022-இல் அறிவுறுத்தியது.

காலமும் முக்கியம். ஒரு பங்குதாரர் அனுபவிப்பது எல்லார் சார்பிலும் அனுபவிப்பதாகவே கொள்ளப்படும். ஆனால் “உனக்குப் பங்கில்லை” என்று வெளிப்படையாக மறுத்து, அதை அறிந்தும் 12 ஆண்டுகள் வாளாவிருந்தால் உரிமையே பறிபோகக்கூடும்.

வாரிசுப் பங்கு மதந்தோறும் வேறுபடும். பிரித்துக் கேட்கும் உரிமையோ எல்லாருக்கும் பொது.

வீட்டில் நடந்தது

60 சென்ட் கணக்கை அன்றிரவே அப்பாவிடம் சொன்னேன். “இதற்காகவா உன்னைப் படிக்க வைத்தேன்?” என்றார். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நானும் தவறு செய்துவிட்டேனோ என்று தவித்தேன். என் கல்லூரிக் கட்டணமும் அந்த ஒரு ஏக்கர் சொச்சத்தில் விளைந்ததுதானே! நான்காம் நாள் விடியற்காலையில் எழுப்பி, “உன் சின்ன அத்தையைப் பார்த்துவரலாம், வா” என்றார்.

மாமா இறந்தபின் கூலி வேலைக்குச் செல்லும் சின்ன அத்தை, “கேட்டால் பிறந்த வீட்டுக் கதவு அடைபட்டுவிடும் என்றுதான் கேட்கவில்லை, அண்ணா” என்றார். இது பெரியப்பா காதுக்கும் எட்டியது. அவர் தாமே வந்து கொட்டகைச் சாவியைக் கொடுத்தார். பெரிய அத்தை தம் பங்கை இரு சகோதரருக்கும் விட்டுத்தர இசைந்துள்ளார். சின்ன அத்தைக்கு 60, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் 90 வீதம் என்று முடிவாகி, பத்திரம் எழுதக் கொடுத்திருக்கிறோம். கிணறு மூவருக்கும் பொது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டிலே முதன்முதல் பட்டம் பெறப் போகிறவர்கள். பெட்டியடியில் கிடக்கும் பத்திரத்தை அடுத்த விடுமுறையில் எடுத்துப் படித்துப் பாருங்கள். பங்குதாரர் யார் யார் என்று எண்ணுங்கள். எண்ணும்போது அத்தைமாரையும் அக்காள் தங்கையரையும் விட்டுவிடாதீர்கள்.