ஓட்டுநருக்கு ஏன் சோதனை?



பேருந்தில் ஏறியதும் நாம் என்ன செய்கிறோம்? சன்னலோரமாக இடம் பார்த்து அமர்கிறோம். பையை மடியில் வைத்துக்கொள்கிறோம். சிறிது நேரத்தில் கண் அயர்ந்தும் விடுகிறோம். வண்டியை ஓட்டுபவர் இரவு உறங்கினாரா, குடித்தாரா என்று நாம் கேட்பதில்லை. கேட்டாலும் நமக்கு யார் பதில் சொல்லப் போகிறார்கள்? நம் சார்பில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டிய பொறுப்பு அரசாங்கத்திற்கு இருக்கிறது. அப்படிக் கேட்பதற்கு ஏற்பட்டதுதான் மது, போதைப்பொருள் சோதனை.

இந்தச் சோதனைக்கு விரிவான விதிகளை வகுத்த நாடுகளுள் ஒன்று அமெரிக்கா. அங்கே அது எப்படி வந்தது, எப்படி நடக்கிறது என்பதை இன்று பார்ப்போம். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று லோரியும் பேருந்தும் ஓட்டிப் பிழைக்கிறார்கள். ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும்கூட.

1987 ஜனவரி 4ஆம் நாள். வாஷிங்டனிலிருந்து பாஸ்டனை நோக்கிப் பயணிகள் இரயில் ஒன்று விரைந்து கொண்டிருந்தது. மேரிலாந்து மாநிலத்தில் சேஸ் என்னும் இடத்தில், சரக்கு இரயில் கம்பெனி ஒன்றின் எஞ்சின்கள் நிற்கச் சொல்லும் சமிக்ஞையைக் கடந்து, அதே தண்டவாளத்திற்குள் வந்துவிட்டன. பயணிகள் இரயில் அவற்றின்மீது மோதியது. 16 பேர் மாண்டார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றார்கள். எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா புகைத்திருந்தார் என்பது விசாரணையில் தெரிய வந்தது.

இதற்கு முன்பே, 1985இல், இரயில் விபத்துக்குப் பின் ஊழியர்களைச் சோதிக்க அங்கே விதி வந்திருந்தது. தொழிற்சங்கங்கள் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தன. 'ஒருவர்மீது சந்தேகம் இல்லாதபோது அவருடைய இரத்தத்தையும் சிறுநீரையும் எடுக்க உங்களுக்கு என்ன உரிமை?' என்பது அவர்கள் கேள்வி. இது அற்பமான கேள்வி அல்ல. உழைப்பவனுக்கும் மானம் உண்டு. அவன் உடம்பு முதலாளியின் சொத்து அல்ல. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1989இல் தீர்ப்பு வந்தது. ஒரு கணம் கவனம் தவறினாலும் பல உயிர்கள் போகக்கூடிய வேலை இது. ஆகவே சோதனை செய்யலாம் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

1991 ஆகஸ்டு 28ஆம் நாள், நியூயார்க் நகரத்தின் சுரங்க இரயில் ஒன்று தடம் புரண்டு 5 பேர் மாண்டார்கள். அதை ஓட்டியவர் குடித்திருந்தார். அதே ஆண்டு அக்டோபர் மாதம் புதிய சட்டம் பிறந்தது. விமானம், இரயில், லோரி, பேருந்து முதலிய துறைகளில் பொது மக்களின் உயிர் யாருடைய வேலையைப் பொறுத்திருக்கிறதோ, அவர்கள் அனைவரும் அச்சட்டத்தின்கீழ் வந்தார்கள்.

சோதனை எப்போது நடக்கும்? வேலையில் சேரும் முன் போதைப்பொருளுக்காகச் சோதிப்பார்கள். குறிப்பிட்ட வகை விபத்துக்குப் பிறகும், தக்க சந்தேகம் எழும்போதும் சோதனை உண்டு. இவை தவிர, சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல, முன்னறிவிப்பு இல்லாமலும் ஆளைத் தேர்ந்து சோதிப்பார்கள். 100 லோரி ஓட்டுநர்கள் உள்ள இடத்தில் ஆண்டுக்குக் குறைந்தது 50 போதைப்பொருள் சோதனைகளும் 10 மதுச் சோதனைகளும் நடக்க வேண்டும் என்பது 2020 முதல் உள்ள அளவு. மேலாளருக்குப் பிடிக்காதவர் பெயரே திரும்பத் திரும்ப வரும்படி செய்யக்கூடாது. எல்லாருக்கும் சமவாய்ப்பு என்பது விதி.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. வெட்டிய பாலை நிறுக்கும்போது நம் பெரியவர்கள் தராசின்மீது வைத்த கண்ணை எடுக்கமாட்டார்கள். நிறுப்பதை அவர்கள் வெறுக்கவில்லை. தராசு நேராக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டார்கள். சோதனையும் ஒரு தராசுதான். அது தவறினால் ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துவிடும்.

அதற்காக அமெரிக்க விதிகள் பல காவல்களை வைத்திருக்கின்றன. சிறுநீரை ஊழியரின் கண்ணெதிரே இரண்டு பாட்டில்களில் பிரித்து ஊற்றி முத்திரையிடுகிறார்கள். ஒன்றில் 30 மில்லிலிட்டர், மற்றொன்றில் 15 மில்லிலிட்டர். முதல் பாட்டிலில் போதைப்பொருள் இருப்பதாக ஆய்வுக்கூடம் சொன்னாலும், அந்த முடிவு நேரே முதலாளிக்குப் போகாது. ஒரு மருத்துவரிடம் போகும். அவர் ஊழியரோடு பேசி, மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்து ஏதும் உண்டானா என்று விசாரிப்பார். தக்க காரணம் இருந்தால் குற்றமில்லை என்றே முடிவு போகும். முடிவு தவறென்று ஊழியர் கருதினால், 72 மணி நேரத்திற்குள் இரண்டாவது பாட்டிலை வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும்படி கேட்கலாம்.

மதுவுக்கு மூச்சுச் சோதனை. முதல் தடவை அளவு கூடினால், குறைந்தது 15 நிமிடம் காத்திருந்து மறுபடி ஊதச் சொல்வார்கள். 0.04 விழுக்காடு, அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 40 மில்லிகிராம் மதுவுக்கு ஈடான அளவு இருந்தால், விதியை மீறியதாகும். 0.02 விழுக்காடு எட்டிவிட்டாலே, அப்போதைக்கு வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள். சோதனைக்கு வர மறுப்பதும் விதியை மீறியதாகவே கொள்ளப்படும்.

இந்தத் தராசுக்கும் ஒரு குறை உண்டு. மூச்சுச் சோதனை அந்த வேளையில் உடம்பில் உள்ள மதுவைக் காட்டும். சிறுநீர்ச் சோதனையோ, கடந்த சில நாட்களில் போதைப்பொருள் உட்கொண்டாரா என்பதைத்தான் காட்டும். வண்டி ஓட்டும்போது மயக்கத்தில் இருந்தாரா என்பதைக் காட்டாது. கஞ்சாவின் தடயம் சிலருக்கு வாரக்கணக்கில்கூட நிற்கும். இதைப் பற்றிய வாதம் அந்நாட்டில் இன்னும் ஓயவில்லை. ஆயினும், சில மாநிலங்களில் கஞ்சாவுக்கு அனுமதி கிடைத்த பிறகும் இந்த ஊழியர்களுக்குத் தடை நீங்கவில்லை.

தவறியவர் கதி என்ன? முதலில் வண்டியிலிருந்து இறக்கப்படுவார். பிறகு தகுதி பெற்ற ஆலோசகர் அவரை ஆராய்ந்து, சிகிச்சையோ பயிற்சியோ சொல்வார். அதை முடித்து, மறுசோதனையிலும் தேறினால் மீண்டும் ஓட்டலாம். முதல் 12 மாதங்களில் குறைந்தது 6 முறை திடீர்ச் சோதனை நடக்கும். பழைய முதலாளி வேலை தந்தே ஆகவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் திருந்தியவனுக்குக் கதவை நிரந்தரமாக அடைத்துவிடவும் இல்லை.

நம் மலேசியாவுக்கு வருவோம். இங்கே 2020 அக்டோபரில் சாலைப் போக்குவரத்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்றிருந்த மது அளவு 50 ஆகக் குறைக்கப்பட்டது. மூச்சில் 35 மைக்ரோகிராம் என்றிருந்தது 22 ஆயிற்று. இது லோரிக்காரருக்கு மட்டுமல்ல. மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கும் உண்டு. தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுப்பதும் குற்றமே.

தாய்மார்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். கள்ளானாலும் சம்சுவானாலும் பீரானாலும், உள்ளே போகும் மது ஒன்றே. கறுப்புக் காப்பி குடித்தாலும், தலைக்குத் தண்ணீர் ஊற்றினாலும் அது இறங்காது; நேரம்தான் அதை இறக்கும். நள்ளிரவு வரை குடித்தவர் உடம்பில், விடியற்காலை பெரட்டு நேரத்திலும் அது மிச்சமிருக்கலாம். அப்போது வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்வது மனைவியின் கோபமென்று எண்ண வேண்டாம், அது உயிர்க்காவல்.

ஓட்டுநராக இருக்கும் பிள்ளைகளுக்கும் சொல்வோம். சோதனை நம்மைப் பழிக்க வந்ததென்று எண்ணாதீர்கள். அதே சமயம், அது நேர்மையாக நடக்கிறதா என்று கேட்கவும் தயங்காதீர்கள். பயணியின் உயிரும் ஓட்டுநரின் பிழைப்பும் ஒரே தராசில்தான் இருக்கின்றன. அது நேராக இருக்கும்வரை, குடிக்காமல் ஓட்டுபவன் அதற்கு அஞ்ச வேண்டியதில்லை.